வேகமான காருக்கு நான்கு உள்ளங்கை ரப்பர்

அக்கா மகன் போன வருடம் ஒரு பழைய கோல்ஃப் ஜிடிஐ வாங்கினான். ஏழாம் தலைமுறைக் கார், 200 குதிரைத்திறனுக்கு மேல், பார்க்கவும் பளிச்சென்று இருந்தது. வாங்கிய கையோடு புகைக்குழாயை மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றிக் காரைக் கொஞ்சம் தாழ்த்தினான், நல்ல பிரேக் பேடுகளும் போட்டான். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"மாமா, டூக் ஹைவேயிலேர்ந்து செந்தூல் பக்கம் இறங்குற வளைவுல கார் வழுக்கிருச்சு. மழைதான், ஆனா நான் வேகமாகூடப் போகல. பிரேக்கை மறுபடி மாத்தணுமா?"

"டயரைப் பார்த்தியா?"

"டயர் நல்லாத்தான் இருக்கு மாமா. பூ இன்னும் ஆழமா இருக்கு."

டயரின் வரிப்பள்ளங்களை மலாய்க்காரர்கள் 'பூ' என்பார்கள். கடையில் நின்று பேசினால் நமக்கும் அதே சொல்தான் வாயில் வரும். சரி என்று சனிக்கிழமை காலை அவனைக் கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையில் ஒரு டயர் கடைக்கு வரச் சொன்னேன். கடை முதலாளி தவுக்கே காரைத் தூக்கியில் ஏற்றி உயர்த்தினார். வெளிப்பக்கம் நின்று பார்த்தால் முன்டயர்கள் இரண்டிலும் பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. நான் டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்விளிம்பைத் தடவினேன். அங்கே பள்ளமே இல்லை. கண்ணாடி போல வழவழப்பு, அதற்கு அடுத்து மெல்லிய கம்பி ஒன்று விரலில் குத்தியது. ரப்பர் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருக்கும் எஃகு இழை வெளியே வந்துவிட்டது. அவன் கையையும் பிடித்து அங்கே வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவன். அந்த டயரோடு முந்தின வாரம்தான் ஈப்போ நகரம் வரை போய் வந்திருக்கிறான், அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு.

வேகமான கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றி எவ்வளவோ படிக்கிறார்கள். டயரைப் பற்றிப் படிப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே கவலையான விஷயம். அதனால் அன்று கடையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிக்கலாம். கார் ஆளோடு சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 350 கிலோ. உள்ளே காற்றழுத்தம் 240 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 35 பிஎஸ்ஐ. அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோவைத் தாங்கும். 350ஐ இரண்டரையால் வகுத்தால் 140. ஆக, ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் சுமார் 140 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்துக் கையை மேசைமேல் அழுத்திப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். முன்பக்கம் எஞ்சின் இருப்பதால் முன்டயருக்குப் பாரம் கூடும், டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும் என்பதால் கணக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் அளவு இதுதான்.

எஞ்சின் தரும் அத்தனை இழுப்பும், பிரேக் பிடிக்கும் அத்தனை வேகமும், ஸ்டீயரிங் திருப்பும் ஒவ்வொரு திருப்பமும் இந்த நான்கு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். பிரேக் பேட் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர்.

கணக்கை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புரியும். அதில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. அகல டயர் போட்டால் அதிக ரப்பர் சாலையில் படும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாரமும் காற்றும் மாறாதவரை தொடும் பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும். ஒல்லி டயரில் நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் இருக்கும். அந்தக் குறுக்கு வடிவம் வளைவில் நல்லது, வெப்பமும் பரவலாகப் பிரியும், அதனால் மென்மையான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. வேகக் கார்களுக்கு அகல டயர் வருவது இதற்காக. இதே அகலம் மழையில் எதிராகத் திரும்பும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ரப்பர் சாலையை எப்படிப் பிடிக்கிறது? என் தாத்தா ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பால்மரக் காட்டுக்குள் போய் வாளி சுமந்தவர். நம்மில் பல பேர் வீட்டுக் கதை அதுதான். கோப்பையின் அடியில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சின்ன வயதில் இழுத்து விளையாடியவர்களுக்குத் தெரியும், அது கையை விடாது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். ஆனால் அந்தப் பச்சை ரப்பரை அப்படியே டயராக்க முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்று 1839இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர். காற்று நிரப்பிய டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கார் டயரில் இயற்கை ரப்பரோடு பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா, எண்ணெய், கந்தகம் எல்லாம் கலந்திருக்கும். லாரி, விமான டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். உள்ளுக்குள் சூடு ஏறுவது அதில் குறைவு.

பிடி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று ஒட்டல்: ரப்பரின் மூலக்கூறுகள் சாலையின் மேற்பரப்போடு கணநேரம் ஒட்டிப் பிரிகின்றன. இன்னொன்று புதைவு: தாரில் இருக்கும் சின்னச் சின்னக் கல்முனைகள் மீது ரப்பர் அமுங்கி, அவற்றின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கிறது. வளைந்த ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, கொஞ்சம் தயங்கித்தான் திரும்பும். அந்தத் தயக்கம்தான் காரைப் பிடித்து இழுத்து வைக்கிறது. அதில் செலவாகும் சக்தி சூடாக மாறுகிறது. ஓடிய டயரைத் தொட்டால் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சாலை நனைந்தால் நடுவில் நீர்ப்படலம் வந்து ஒட்டல் பெருமளவு போய்விடும். மிச்சம் இருப்பது புதைவு. மழையில் நம்மைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது பிடி. டயர் பழசாகி ரப்பர் இறுகினால் கல்முனைக்கு வளைந்துகொடுக்காது. அதனால் பழைய டயர் வெயிலில் ஏதோ சமாளிக்கும், மழையில் கைவிடும்.

இனிமேல் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். டயரின் மொத்தப் பிடியை ஒரு ரிங்கிட், அதாவது நூறு சென், என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்பது, வளைவது, வேகம் கூட்டுவது எல்லாமே அந்த ஒரு ரிங்கிட்டிலிருந்துதான் செலவாக வேண்டும். நூறு சென் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் வளைவுக்கு ஒரு சென்கூட மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். 80 சென் பிரேக்குக்குக் கொடுத்தால் வளைவுக்கு எவ்வளவு இருக்கும்? 20 என்று தோன்றும். உண்மையில் 60. பிரேக் விசையும் வளைவு விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் படித்த 6, 8, 10 முக்கோணக் கணக்கு இங்கே பொருந்துகிறது. பிரேக்கை முழுவதும் மிதிக்காமல் கொஞ்சம் தளர்த்தினாலே கார் திரும்பத் தொடங்குவதன் காரணம் இதுதான்.

மழை வந்ததும் அந்த ரிங்கிட் அறுபது, எழுபது சென்னாகச் சுருங்கும். தேய்ந்த டயர் என்றால் இன்னும் கீழே. அக்கா மகன் அந்த வளைவில் செய்தது என்ன? ஹைவே வேகத்தோடு இறங்கினான், பாதி வளைவில் பிரேக்கை மிதித்தான். கையில் இருந்த காசே குறைவு, அதில் இரண்டு செலவு ஒரே நேரத்தில். முன்டயர் கைவிரித்துவிட்டது. பிரேக்கை நேர்ச்சாலையில் முடித்துவிட்டு, காலை எடுத்து, அப்புறம் வளைந்திருந்தால் அதே டயரோடுகூட தப்பித்திருப்பான்.

"ஏ.பி.எஸ். இருக்கு, டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கு, அதெல்லாம் எதுக்கு மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. டயர் அதிகப் பிடி தருவது முற்றிலும் சுழலும்போதும் இல்லை, முற்றிலும் நின்று வழுக்கும்போதும் இல்லை. காரின் வேகத்தைவிடச் சக்கரம் ஏறக்குறைய பத்து, பதினைந்து சதவீதம் மெதுவாகச் சுழலும் ஒரு நிலையில்தான் பிடி உச்சத்தில் இருக்கும். ஏ.பி.எஸ். பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டுப் பிடித்து அந்த நிலையை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கிறது. இருக்கிற ரிங்கிட்டைக் கச்சிதமாகச் செலவழிக்கும் கணக்குப்பிள்ளை அது. புதிதாக ஒரு சென்கூடச் சேர்த்துத் தராது.

வேகமும் பிரேக் தூரமும் பற்றி ஒரு வார்த்தை. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும் கார், நல்ல டயரோடு, காய்ந்த சாலையில், பிரேக்கை முழுவதும் மிதித்த பிறகு நிற்க 50 மீட்டருக்குச் சற்று மேல் எடுக்கும். பிடி பாதியானால் தூரம் அப்படியே இரட்டிப்பாகும். இதில் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன் ஓடும் தூரம் சேரவில்லை. 110இல் ஒரு நொடிக்கு 30 மீட்டர்.

கோலாலம்பூர் மழை உங்களுக்குத் தெரியாததில்லை. மதியம் வரை வெயில் கொளுத்தும், நான்கு மணிக்கு மேகம் திரளும், பத்தே நிமிடத்தில் முன்னால் போகும் காரின் விளக்குகூடத் தெரியாது, மோட்டார்சைக்கிள்காரர்கள் எல்லாரும் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி நிற்பார்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது ஏறக்குறைய தினசரிக் காட்சி. முதல் சில நிமிடங்கள் தனியாக ஆபத்தானவை. வெயிலில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர்த் தூளும் தண்ணீரோடு கலந்து சோப்பு நுரை போல மிதக்கும். கொட்டிய மழை அதைக் கழுவிக்கொண்டு போகும்வரை பிடி மோசமாக இருக்கும்.

அதற்கு அடுத்து வருவது தேங்கிய தண்ணீர். 225 மி.மீ. அகல டயர் 90 கி.மீ. வேகத்தில் 3 மி.மீ. ஆழத் தண்ணீரில் ஓடுகிறது என்றால், அதன் வழியில் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 17 லிட்டர் தண்ணீர் வருகிறது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு நொடியில், ஒரு டயருக்கு. அது ஒதுங்க வழி வேண்டும். டயரில் உள்ள பள்ளங்கள் அந்த வழிக்காகத்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. காய்ந்த சாலைக்குப் பள்ளமே வேண்டாம். பந்தயக் கார்கள் வெயிலில் வழவழப்பான டயரோடுதான் ஓடுகின்றன. பள்ளம் நிறைந்து, ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் டயருக்கு அடியிலேயே புகுந்துவிட்டால் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கும். ஆங்கிலத்தில் அக்வாபிளேனிங் என்பார்கள். அப்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறும். அந்த நொடியில் கார் நம் சொல் கேட்காது.

1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். தண்ணீர் போதிய ஆழமிருந்து, பள்ளம் உதவாத நிலையில், டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதே அது. காருக்கு அதைத் தோராயமாகத்தான் பொருத்த முடியும், ஆனால் எண்கள் மனதில் நிற்கும். 250 கிலோபாஸ்கல் காற்றிருந்தால் சுமார் 100 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று 170க்கு இறங்கியிருந்தால் சுமார் 83இலேயே. ஹைவேயில் நாம் சாதாரணமாகப் போகும் வேகம் இதற்கு மேல் என்பதைக் கவனியுங்கள். அகல டயருக்கு ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம், அதனால் பக்கத்தில் ஒரு சின்ன மைவி கார் தடுமாறாமல் போகும் இடத்தில் ஜிடிஐ மிதக்கலாம். காரின் விலையைப் பார்த்துத் தண்ணீர் வழி விடாது.

மிதந்துவிட்டால் என்ன செய்வது? எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை மெதுவாக எடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், ஏனென்றால் டயர் மறுபடி சாலையைத் தொடும் கணத்தில் சக்கரம் திரும்பியிருந்தால் கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். ஒன்றிரண்டு நொடிகளில் பிடி திரும்பும். அந்த ஒன்றிரண்டு நொடி மிக நீளமாக இருக்கும். எனக்கு ஒருமுறை காராக் நெடுஞ்சாலையில், கெந்திங் செம்பா தாண்டி இறங்கும்போது நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு மழையில் 80ஐ நான் தாண்டுவதில்லை, பின்னால் யார் விளக்கடித்தாலும் சரி.

இப்போது காற்று. டயர் பராமரிப்பில் காசு செலவில்லாத வேலை இதுதான், அதிகம் விட்டுப்போவதும் இதுதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் தொட்டி மூடிக்கு உள்ளே இருக்கும். உங்கள் காருக்கு, உங்கள் டயர் அளவுக்கு, எவ்வளவு காற்று என்று அதில் எழுதியிருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, நிறைய ஆள் ஏறினால் வேறொன்று. டயரின் பக்கச்சுவரில் ஓர் அழுத்தம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து நிரப்பாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் மேல் எல்லை.

நம் பெட்ரோல் நிலையங்களில் உள்ள காற்றுக் கருவி பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும். 230 என்றால் 33 பிஎஸ்ஐ, 240 என்றால் 35, 250 என்றால் 36. வேண்டிய எண்ணைப் பொத்தானில் வைத்து, குழாயை வால்வில் அழுத்தினால் அதுவே நிரப்பி, முடிந்ததும் கூவும். குழாயை மாட்டிய உடனே முதலில் தெரியும் எண்ணை விட்டுவிடாதீர்கள். இத்தனை நாள் உங்கள் டயர் எந்தக் காற்றில் ஓடியது என்பதை அந்த எண்தான் சொல்கிறது. நான்கு டயரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தனியாக இறங்கியிருந்தால் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது.

காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் பாருங்கள். டயர் சூடானால் உள்ளே காற்று விரியும். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய 11 கிலோபாஸ்கல் ஏறும். கூச்சாய் லாமாவிலிருந்து ரவாங் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் 30 கூடுதலாகக் காட்டும். "அதிகமாயிருச்சே" என்று திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து மடிந்து சூடாகும், அந்தச் சூடு உள்ளிழைகளைப் பிரிக்கும். ஹைவே ஓரத்தில் கிழிந்து கிடக்கும் டயர்த் துண்டுகளில் பலவற்றுக்கு இப்படிப்பட்ட வரலாறுதான் இருக்கும். அளவுக்கு மேல் நிரப்பினாலும் கெடுதல்: நடுப்பகுதி மட்டும் சாலையில் படும், உள்ளங்கை இன்னும் சுருங்கும்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது நல்லது, கசிவும் சற்றுக் குறைவு, ஆனால் அதற்காகக் காசு கொடுத்துவிட்டு மூன்று மாதம் அழுத்தத்தைப் பார்க்காமல் இருப்பதைவிட, இலவசக் காற்றை மாதம் இரண்டு முறை பார்ப்பது மேல்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. அக்கா மகனின் டயரில் 225/40 ஆர் 18 92 ஒய் என்று இருந்தது. 225 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 40 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நாற்பது சதவீதம் என்பது, அதாவது 90 மி.மீ. 18 அங்குல ரிம். 92 பாரக் குறியீடு, ஒரு டயர் 630 கிலோ தாங்கும். ஒய் வேகக் குறியீடு, மணிக்கு 300 கி.மீ.; டபிள்யூ 270, வி 240. நாம் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டது என்பதையும் சொல்கிறது, அதனால் காருக்குச் சொன்னதைவிடக் கீழே இறங்காதீர்கள்.

இவற்றைவிட நான் முதலில் தேடுவது டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்கினால் இதைக் கட்டாயம் பாருங்கள். வார இறுதியில் மட்டும் ஓடும் வேகக் கார்களில் பள்ளம் புதிது போல இருக்கும், ரப்பர் கிழடு தட்டியிருக்கும். வெயிலும் சூடும் ரப்பரை நாளுக்கு நாள் இறுக்கும்; பக்கச்சுவரில் நகக்கீறல் போல நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் காலம் முடிந்துவிட்டது. ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை கடையில் காட்டுவேன், ஆறாம் வருடம் வேகக் காரில் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். பாதி விலைக்குக் கிடைக்கும் பயன்படுத்திய டயரை இந்தக் காருக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அது எந்தக் குழியில் அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது.

தேய்மானத்துக்குப் பள்ளத்தின் அடியிலேயே குறி இருக்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திண்டு போல ரப்பர் மேடு இருக்கும். மேற்பரப்பு அதனோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மி.மீ., உலகின் பல நாடுகளில் சட்ட எல்லை அதுதான். புதிய டயரில் ஆழம் 7, 8 மி.மீ. இருக்கும். மேலே சொன்ன வாளித் தண்ணீரை நினைத்துப் பார்த்தால் 1.6 வரை காத்திருப்பது நம் ஊருக்குச் சரிவராது என்பது புரியும். 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுங்கள். ஆழம் பார்க்கும் கருவி சில ரிங்கிட்தான். வெளி விளிம்பு, நடு, உள்விளிம்பு என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள், உள்விளிம்பைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டுக் குனிந்தால் போதும், தூக்கி வேண்டாம்.

மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் சில டயர்களில் இருக்கும். சாதாரணக் கார் டயரில் 400, 500 என்று பார்க்கலாம், வேகக் கார் டயரில் 200, 300. எண் குறையக் குறைய ஆயுள் குறைவு, பெரும்பாலும் பிடி கூடுதல். காரை வாங்கும்போதே இந்தச் செலவையும் மாதக் கணக்கில் போட்டுவிடுங்கள். குளிர் நாடுகளில் கோடை டயர், குளிர்கால டயர் என்று மாற்றுவார்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பது அவர்கள் கவலை. நமக்கு அது இல்லை. நல்ல கோடை டயராக, மழையில் பேர் வாங்கியதாகப் பாருங்கள். காய்ந்த சாலைப் பந்தயத்துக்கென்றே செய்த, பள்ளம் குறைந்த டயரைத் தினசரிக் காருக்குப் போடாதீர்கள்.

உள்விளிம்பு ஏன் தேய்ந்தது என்று கேட்பீர்கள். காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் கோணமும் மாறும். அந்த இரண்டாவதுதான் டயரைத் தின்றுவிடும்: சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டும் போகிறது. தாழ்த்திய கடையில் அலைன்மெண்ட், அதாவது இந்தச் சக்கரக் கோணங்கள், பார்க்கச் சொல்லவில்லையாம். ஸ்பிரிங்கைத் தொட்டாலோ பெரிய குழியில் விழுந்தாலோ அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும், கார் நேராகத்தான் ஓடுகிறது என்றாலும்.

குழி என்றதும் நினைவுக்கு வருகிறது: 90 மி.மீ. பக்கச்சுவருக்கு அடியைத் தாங்கும் சக்தி குறைவு. குழியில் விழுந்த மறுநாள் பக்கச்சுவரைப் பாருங்கள், கோழிமுட்டை போல எங்காவது புடைத்திருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்ற வேண்டியதுதான். ஆணி நடுப்பகுதியில் குத்தினால் ஒட்டலாம், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து ஒட்டுவதே நம்பகமானது. பக்கச்சுவரில் குத்தினால் ஒட்டக் கூடாது. டயருக்குப் பளபளப்பு எண்ணெய் பூசுகிறவர்கள் சாலையைத் தொடும் பக்கத்தில் ஒரு துளிகூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை அனுபவிக்க ஆசை இருந்தால் செப்பாங்குக்குப் போங்கள், அதற்குத்தான் அந்தப் பந்தய ஓடுபாதை 1999இல் திறக்கப்பட்டது, 5.543 கி.மீ., 15 வளைவு, எதிரே வண்டி வராது. ஒன்று மட்டும்: மதிய வெயிலில் அந்தத் தாரின் சூடு 50 டிகிரியைத் தாண்டும், சில சுற்றுகளிலேயே டயர் அழுத்தம் வேகமாக ஏறும். அங்கே சூடான அழுத்தத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறக்கி ஓட்டுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி நிரப்ப மறக்காதீர்கள்.

கடைக்குத் திரும்புவோம். இரண்டு டயருக்குத்தான் அவனிடம் காசு இருந்தது. முன்சக்கர இழுப்புக் கார், முன்டயர்தான் தேய்ந்தது, அதனால் புதிய இரண்டையும் முன்னால் போடச் சொன்னான். பின்டயரில் 4 மி.மீ. மிச்சம் இருந்தது. புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவரச் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. முன்டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்டயர் வழுக்கினால் கார் தன்னைத்தானே சுற்றும், பழகாதவர் கையால் அதை மீட்க முடியாது. அதனால் நல்ல டயர் பின்னால். தவுக்கேயும் தலையசைத்தார், நான் சொன்னதால்தான் அவன் ஒத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். அலைன்மெண்ட், பேலன்சிங் இரண்டும் முடித்தோம். புது டயரின் மேல் வழவழப்பான படலம் இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் வளைவில் அவசரப்படாதே என்று சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் ஒரு காலை ஏழு மணிக்குப் படம் ஒன்று அனுப்பியிருந்தான். பெட்ரோல் நிலையக் காற்றுக் கருவியின் திரை. கீழே: "மாமா, மூணு டயர்ல 235. பின்னால இடது மட்டும் 205. ஆணியா?"

ஆணிதான். பள்ளத்துக்குள் தலை மட்டும் தெரிந்தது, சோற்றுப்பருக்கை அளவு. பத்து மணிக்குள் கழற்றி உள்ளிருந்து ஒட்டிவிட்டு, அம்மாவைப் பத்துமலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.